துடைத்த பலகை

22-12-1986, திங்கள், இரவு

மில் கேட்டில் உள்ள கரும்பலகையில் தினமும் ‘வரலாற்றில் இன்று’ எழுதுவது நான்தான். 1964-இல் தனுஷ்கோடிப் புயலில் ரயில் கடலுக்குள் போனதை இன்று காலை எழுதினேன். எழுதுமுன் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

நூல் சுற்றும் ரீலிங் பிரிவில் வேலை பார்க்கும் மாரியம்மாள் ஓடி வந்தாள். "சார், அத அழிச்சிருங்க. எங்கய்யா அந்த ரயில்லதான் போனாவன்னு ஊரே சொல்லுது. அதுக்கு முந்தியே கப்பலேறி இலங்கைக்குப் போயிட்டாவன்னு எங்கம்மா நம்பிக்கிட்டு இருக்கா. இன்னைக்கும் பொட்டு வைக்காம வெளிய வரமாட்டா. ரெண்டாம் ஷிப்டுக்கு அவ வருவா, சார்."

உடனே ஈரத்துணியால் துடைத்தேன். அதற்குள் எத்தனை பேர் படித்தார்களோ, யார் போய்ச் சொன்னார்களோ.

மதியம் மாரியம்மாளின் அம்மா வந்து, வெறும் பலகை முன்னால் வெகுநேரம் நின்றார்.

"இன்னைக்கு ஏன் சார் ஒண்ணும் எழுதல?"

"சாக்பீஸ் தீந்துபோச்சும்மா."

பலகைச் சட்டத்தில் கிடந்த சாக்பீஸை எடுத்து என் கையில் வைத்தார். உள்ளே போய்விட்டார்.

அவருக்கு எல்லாம் தெரியுமோ? இல்லை, நான் துடைத்ததால்தான் தெரிந்துபோயிற்றோ?

நாளைக்கு என்ன எழுதுவது என்று இன்னும் பார்க்கவில்லை. அவர் கேட்டுக்குள் வரும்போது நெற்றியைத்தான் முதலில் பார்ப்பேன்.