பின்சுவர்ப் பாசி

அருவங்காடு

அன்புள்ள ரேணுகா கண்ணுக்கு அம்மிச்சி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். ஜெர்மனியில் பனி கொட்டுகிறதாமே, காதை மூடிக்கொண்டு நட.

முதலில் நல்ல சேதி. உன் மாமா மகன் பாலனுக்கு ஃபேக்டரியில் வேலை நிரந்தரமாகிவிட்டது. சித்தி மகள் மாலதி நர்சிங் முடித்துக் குன்னூரில் சேர்ந்துவிட்டாள். அவள் தம்பி ஓட்டப் பந்தயத்தில் கோப்பை வாங்கினான். தம்ளரைவிடச் சின்னதுதான், ஆனாலும் டிவிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம். உன் பெருமையை நான் ஆரம்பித்தால் பால்காரர் பாலை வாசலிலேயே வைத்துவிட்டு ஓடுகிறார்.

போனில் பேசினால் உன் அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள். அதனால்தான் கடிதம்.

போன ஞாயிறு கோத்தகிரியிலிருந்து உன்னைப் பெண் கேட்டு வந்தார்கள். அதற்காக உன் அம்மா வீட்டுக்கு வெள்ளையடிக்கச் சொன்னாள். முன்பக்கம் முடித்த சில்வஸ்டர், இரும்புப் பிரஷ்ஷோடு பின்சுவருக்குப் போனான். எனக்குத் திக்கென்றது. லீவுக்கு வரும்போதெல்லாம் உன் ஆராய்ச்சிக்காக நீ பாசி சுரண்டுகிற சுவர் அல்லவா! உன் சக்கரப் பூச்சிகள் வருஷத்துக்கு வருஷம் எப்படி மாறுகின்றன என்று அந்தச் சுவரை வைத்துத்தானே பார்க்கிறாய். நாற்காலியைச் சுவரோரம் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

"அம்மிச்சி, எந்திரிங்க, உங்களுக்கும் சேத்துச் சுண்ணாம்பு அடிச்சுருவேன்" என்றான்.

"எனக்கு அடிச்சுக்கோ, பாசியத் தொட்டீன்னா பாரு" என்றேன்.

வந்த இடத்தில் மாப்பிள்ளையின் அம்மா, "ஏனுங்க, பின்னால மட்டும் பச்சையா உட்டுட்டீங்க?" என்று கேட்டார். நீ சொன்னதைச் சொன்னேன். பாசிக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத உயிர்கள், காய்ந்தால் தூசியாகக் கிடக்கும், சொட்டுத் தண்ணீர் பட்டால் எழுந்துகொள்ளும், எல்லாம் பெண்தான், ஆணே இல்லாமல் கோடிக்கணக்கான வருஷமாகக் குடும்பம் நடக்கிறது என்றேன். மாப்பிள்ளைப் பையன் சிரித்துவிட்டான். அந்தம்மா சிரிக்கவில்லை. "கல்யாணம் ஆனா பூச்சி பாக்கறதெல்லாம் உட்டுருவாளுங்கல்ல?" என்றார்.

உன் அம்மா என்னைப் பார்த்தாள். நான், "உடமாட்டாளுங்க. காப்பி ஆறுது, குடிங்க" என்றேன்.

அத்தோடு முடிந்தது. பெற்றவள் என்றும் பார்க்காமல் உன் அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நேற்று வெயில் கண்டதும் துணி காயப்போடப் போனவள், சோப்புத் தண்ணீர் பாசியில் சொட்டாமல் கொடியை நகர்த்திக் கட்டினாள். நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

உனக்குப் பிடித்தவன் வந்தால் சொல், வராவிட்டாலும் நீ நன்றாக இருப்பாய் சாமி.

உன் பட்டுச்சேலைப் படம் கோத்தகிரிக்குப் போய்விட்டது. வெள்ளைக் கோட்டோடு மைக்ராஸ்கோப் பக்கத்தில் நிற்கிற புதுப் படம் ஒன்று தபாலில் அனுப்பு. கோப்பைக்குப் பக்கத்தில் இடம் துடைத்து வைத்தாயிற்று. நான் எழுதுவதைப் பார்த்துவிட்டு, இதைக் கேட்கச் சொன்னதே உன் அம்மாதான்.

உன் அம்மிச்சி
தெய்வம்மா