பசையில் இருந்த தண்ணீர்

அன்புள்ள அக்காவுக்கு,

பூமிக்குள் அவ்வளவு ஆழத்தில் தண்ணீர் எவ்வளவுதான் இருக்கும் என்று போன கடிதத்தில் கேட்டிருந்தாய். தெரியாது. போன வாரம் வரை தெரியும் என்று நினைத்திருந்தேன்.

அது குடத்தில் மொள்ளுகிற தண்ணீர் இல்லை. "போர் போட்டுப் பாத்துரலாமா" என்று கேட்ட அத்தானிடம் சொல்லிவிடு. அந்த ஆழத்து அழுத்தத்தில் உண்டாகும் நீலக் கல்லை இங்கே இயந்திரத்தில் அழுத்திச் செய்கிறோம். அதற்குள் மக்னீசியம் உட்கார வேண்டிய இடத்தில் ஹைட்ரஜன் புகுந்து, பக்கத்து ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும். அதைத்தான் தண்ணீர் என்கிறோம். ஒளியைப் பாய்ச்சி அளப்போம்.

அளப்பதற்கு முன் கல்லைக் கண்ணாடியில் ஒட்டி, மெலிதாகத் தேய்த்து, பசையைக் கழுவ வேண்டும். ஒட்டியதும் கழுவியதும் நான். ஒரு கீறலில் பசை தங்கிவிட்டது. பசையிலும் அதே ஹைட்ரஜன், அதே ஆக்சிஜன். பசை படாத துண்டை இப்போது அளந்தால், ஆய்விதழில் நாங்கள் எழுதிய தண்ணீரில் பாதிகூட இல்லை. நீ தெரு முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டது பசையை, அக்கா.

அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். துறைத் தலைவர் கூப்பிட்டு, "அளந்தது உங்க ஸ்டூடண்ட்தானே மேடம்? சின்னப் பொண்ணு, தெரியாம செஞ்சிட்டாள்னு சொல்லிட்டா முடிஞ்சுது" என்றார். அளந்தது அவள்தான். ஆனால் நான் கழுவிய அன்று அவள் ஊரிலேயே இல்லை. அதை நான் சொல்லவில்லை. "பாக்கலாம் சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த மாதம் அவளுக்கு வேலைக்கான நேர்காணல்.

நாளைக்குத் துறைக் கூட்டத்தில் இந்தத் தவறைப் பற்றிப் பேச வேண்டும். உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வர வேண்டும் என்று வேண்டிக்கொள். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. உனக்கு இருக்கிறதே.

உன் தங்கை

மறுநாள் மாலை

கடிதத்தை இன்னும் தபாலில் சேர்க்கவில்லை. கூட்டத்தில் 'என் தவறு' என்று சொல்லப் போனேன். வாயில் வந்தது 'எங்கள் தவறு'. தலைவர் உடனே, "ஸ்டூடண்ட் பண்ணினதுக்குத் தானும் பொறுப்பு ஏத்துக்கறாங்க. பெரிய மனசு" என்றார். கை தட்டினார்கள். நான் உட்கார்ந்துவிட்டேன்.

வேறொருவர் பேசி முடித்த பிறகுதான் மறுபடி எழுந்து, பசையைக் கழுவியது நான், அவளுக்கு இதில் பங்கில்லை என்றேன். அதற்குள் பாதிப் பேர் தேநீருக்குப் போயிருந்தார்கள். அவள் கடைசி வரிசையில் இருந்தாள். நான் முடிக்கும்வரை கேட்டுவிட்டு, பையை எடுத்துக்கொண்டு, என் பக்கம் திரும்பாமல் போனாள்.