ஒற்றை பூட்ஸ்

என்னங்க, உப்பள மோட்டார் சாவி ஆணியில் இருக்கிறது. மீன்குழம்பைச் சுடவைத்துச் சாப்பிடுங்கள். மலையேற்ற ஏஜென்ட் வந்தால், வீட்டுக்காரி அப்பா வீட்டுக்குப் போயிருக்கிறாள், அவள் வந்தால்தான் பேச்சு என்று சொல்லி அனுப்புங்கள்.

போன பனிக்காலத்தில் இமயமலையிலிருந்து உங்கள் அண்ணன் திரும்பவில்லை, கூடாரத்தில் விட்டுப்போன அவர் பூட்ஸ்தான் வந்தது. அதையே மாட்டிக்கொண்டு ஜனவரியில் நீங்களும் ஏறுவீர்களாம்!

எங்கள் அப்பா செருப்புக்கடை வாசலில் ஒற்றைச் செருப்பைத்தான் தொங்கவிடுவார். "ஒத்தையைத் திருடன்கூடத் தொடமாட்டாம்மா" என்பார். மலை மட்டும் தொடுமா என்ன? நேற்றே வலது பூட்ஸை என் பையில் போட்டுக்கொண்டேன்.

சந்தியா

பி.கு.: இடது பூட்ஸைச் சுவரைப் பார்த்துத்தான் வைத்தேன். விடிந்தபோது அது நம் கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தது. நீங்கள்தான் திருப்பி வைத்தீர்கள் என்று சொல்லிவிடுங்கள். பொய்யானாலும் பரவாயில்லை.