பேரில்லாத பதினேழாம் வரி

நவ. 3, திங்கள்

பெயரை அழித்துவிட்டு ஆளைக் காட்டிக்கொடுக்கிறது இந்தப் பல்கலைக்கழகம். இதை அங்கே சத்தமாகச் சொல்ல முடியாது. அதனால் இங்கே.

காலையிலிருந்து மழை. தண்டையார்பேட்டையில் பஸ் ஏறும்போதே செருப்பு ஊறிவிட்டது. நூலக ஏசியில் நாள் முழுக்க ஈரக் கால். என் மேசைக்கு மேலே பலகை: 'சமூக அறிவியல் ஆய்வுத் தரவு உதவி'. வருகிறவர்களில் பாதிப் பேர் ஜெராக்ஸ் எங்கே என்று கேட்கிறார்கள்.

இன்று செய்தவை:
ஒரு ஆய்வு மாணவனுக்குக் கணக்கெடுப்பு அட்டவணை தேடிக் கொடுத்தது. நன்றி கிடையாது.
மாடி ஒழுகல். வாளி வைத்தது. (இதுவும் தரவு உதவிதான்.)
பேராசிரியரின் சர்வே ஃபைல்.

மூன்றாவதுதான் விஷயம். எண்ணூர்க் கழிமுகத்தில் ஒரு குப்பத்தில் வீடு வீடாகச் சர்வே எடுத்திருக்கிறார். எடுத்தது அவர் மாணவிகள். நோய், வருமானம், மீன்பிடி. நிதி கொடுத்தவர்களின் நிபந்தனை, தரவை எல்லாரும் பார்க்கும்படி இணையத்தில் வைக்க வேண்டும். வைப்பதற்கு முன் யார் எவர் என்று தெரியாதபடி செய்வது என் வேலை.

பெயர் இல்லை. கதவு எண் இல்லை. போன் இல்லை. துடைத்துவிட்டதாக நினைத்திருக்கிறார்கள். அட்டவணையில் ஒரு பத்தி (காலம்) மட்டும் அப்படியே இருக்கிறது: முறை எண்.

அது என் சித்தியைக் கட்டிக்கொடுத்த குப்பம். அங்கே ஆற்றில் இறால் வலை கட்டுவது 'பாடு' முறையில், வீட்டுக்கு ஒரு நாள். இன்று உன் வீடு, நாளை என் வீடு. வருஷம் ஒரு தடவை கோயில் வாசலில் சீட்டுப் போட்டு எடுப்பார்கள். எந்த வீட்டுக்கு எத்தனையாவது முறை என்பது குப்பத்தில் நண்டு சிண்டுக்கெல்லாம் மனப்பாடம். அங்கே முறை எண் என்பது இன்னொரு பெயர்.

பதினேழாம் எண்ணுக்கு நேரே மாணவி எழுதியிருப்பது: 'கணவர் மூச்சுத்திணறலால் தண்ணீரில் இறங்குவதில்லை. படகில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வலை கட்டுவது மனைவியின் தம்பி, வேறு குப்பம். ஊருக்குத் தெரியாது.'

பதினேழு என்றால் தேசம்மா அக்கா. சித்தி வீட்டிலிருந்து மூன்றாவது வீடு. தம்பி துடுப்புப் போட வருகிறான் என்றுதான் ஊர் நினைத்துக்கொண்டிருக்கிறது. ஊர்க் கட்டுப்பாடு எனக்கே தெரியும்: உன் முறையில் நீ இறங்க வேண்டும். வெளியாளை இறக்கினால் முறை போச்சு.

அந்த வீட்டுக்கு வேறு வருமானம் இல்லை.

நவ. 4, செவ்வாய்

மழை இல்லை. புழுக்கம்.

பேராசிரியர் அறை. சுவரில் குப்பத்துப் புகைப்படம், அவரே எடுத்தது. ஒரு வயசானவரின் முகச் சுருக்கம், பெரிதாக்கிச் சட்டம் போட்டு.

"பேரே இல்லையேம்மா. அப்புறம் எப்படித் தெரியும்?"

"அந்த ஊர்ல நம்பர் சொன்னா வீடு தெரியும் சார்."

"அந்த ஊர்க்காரங்க எங்கம்மா இதப் படிக்கப் போறாங்க?"

சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. அதுதான் எரிகிறது. தான் யாரைப் பற்றி எழுதுகிறாரோ அவர்களுக்குக் கண் இருக்கிறது என்பதே அவருக்குத் தோன்றவில்லை.

எண்ணை எடுத்துவிட்டு முன், நடு, பின் என்று மூன்றாகப் பிரிக்கலாம் என்றேன். அட்டவணை கவிழ்ந்துவிடுமாம். இறால் பருவத்தில் முறை வருகிற வீட்டுக்கு வருமானம் அதிகம் என்பது அவர் கண்டுபிடிப்பு. தெய்வமே.

"அந்த ஒரு குறிப்பையாவது எடுத்துடட்டுமா சார்? பதினேழாவது?"

"தரவைத் திருத்தறது நேர்மை இல்லம்மா. லைப்ரரியன் நீங்களே இப்படிக் கேக்கலாமா?"

தலைமை நூலகரிடம் போனேன். இனி த.நூ. ஃபைலைப் பூட்டி வைப்போம், கேட்பவர் யார் என்று பார்த்துக் கொடுப்போம் என்றேன்.

"பூட்டி வெச்சா இன்ஸ்பெக்‌ஷன்ல கணக்குல வராதும்மா. திறந்து வெச்சாத்தான் நமக்கு மார்க்." பிறகு, அக்கறையாக: "உன் கான்ட்ராக்ட் டிசம்பரோட முடியுதில்ல?"

மதியம் புளிசாதத்தைக் கொட்டிவிட்டேன்.

நவ. 7, வெள்ளி

ஏற்றியாகிவிட்டது. பட்டனை அழுத்தியது இந்த விரல்தான், வேறு யாருடையதும் இல்லை. 'பதிப்பித்தவர்' என்ற இடத்தில் என் பெயர். பங்கேற்றவர்கள் பெயர் ரகசியம், எனக்குத்தான் அந்தப் பாக்கியம் இல்லை.

த.நூ. எல்லாருக்கும் மெயில். 'மக்களின் தரவு மக்களுக்கே.' கைதட்டும் பொம்மைகள்.

திரும்பும்போது திருவொற்றியூர் ரோட்டில் கன்டெய்னர் லாரி நெரிசல். பஸ்ஸில் ஒருத்தர் கண்டக்டரிடம்: "இன்னா நைனா, நடந்து போனா முன்னாடியே பூடலாம் போலக் கீதே." கண்டக்டர்: "போ, யாரு வேணான்றா? டிக்கெட்டு மட்டும் வாபஸ் கேக்காத." பஸ்ஸே சிரித்தது. நானும். பிறகு ஞாபகம் வந்தது.

சோப்பு வாங்க வேண்டும். மறந்தேன்.

நவ. 9, ஞாயிறு

சித்தி வீடு. வானம் கறுத்திருந்தும் மழை இல்லை. கூரை, கருவாடு, துவைத்த துணி, எல்லாவற்றின் மேலும் அனல்மின் நிலையச் சாம்பல். சித்தி பாயை உதறிவிட்டுத்தான் உட்காரச் சொன்னாள்.

தம்பி சதீஷ், சித்தி மகன். பி.காம். கன்டெய்னர் யார்டில் கணக்கு எழுதுகிறான். சாம்பலை எதிர்த்துக் கலெக்டருக்கு மனு தயாரிக்கிறான். எத்தனை வீட்டில் மூச்சு நோய் என்று ஆதாரம் கேட்டு இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"அக்கா, எங்களாண்ட கேட்டு எழுதிகினு போனாங்களே சர்வே, அது நெட்டுல கீது. பாத்தேன். கீழ உன் பேரு!" அவன் முகத்தில் அப்படி ஒரு பெருமை. "எத்தினி வூட்ல மூச்சு பிராப்ளம்னு அப்டியே கீதுக்கா. இனிமே ஆதாரம் கீதான்னு எவன் கேப்பான்?"

பேராசிரியர் சொன்ன 'யார் படிக்கப் போகிறார்கள்'. இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை.

முறை எண் பத்தியை யாருக்கும் காட்டாதே என்றேன். பதினேழு என்றேன். படித்துப் பார்த்தான். முகம் மாறியது.

"தேசம்மா அக்காவா? ஐயோ. நான் இன்னா லூசாக்கா? அந்தப் பத்தியத் தூக்கிட்டுத்தான் குடுப்பேன். அந்தக் குறிப்பையும் தூக்கிடவா?"

தூக்கு என்றேன். பிறகு அவனே: "குறிப்புலதானேக்கா மூச்சுத்திணறல்னு கீது? அதத் தூக்கிட்டா ஒரு வூடு கொறையும்." எண் போனால் போதும் என்று முடிவு செய்தோம். இரண்டு படித்தவர்கள்.

தேசம்மா அக்காவே வந்தார், கையில் இறால் கூடை. "இன்னாமே லைபிரரி, கல்யாணச் சாப்பாடு எப்ப? அந்தப் பொஸ்தகத்தயே கட்டிக்கப் போறியா?" கை நிறைய இறாலைச் சித்தி பாத்திரத்தில் போட்டார். "உங்க ஆபீசு பொண்ணு ஒண்ணு வந்துச்சே, தங்கமான பொண்ணு. பேரு போடமாட்டோம்கான்னு சொல்லுச்சு. எல்லாத்தயும் கொட்டிட்டேன் அதாண்ட. வேற யாராண்ட சொல்றது?"

இறால் குழம்பு. இரண்டு தடவை போட்டுக்கொண்டேன். நன்றாக இருந்தது என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது.

நவ. 15, சனி

நல்ல மழை. மதியம் சதீஷ் போன்.

சொன்னபடி முறை எண் பத்தியை அழித்திருக்கிறான். பிறகு குப்பத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருக்கிறான், அவரவர் வீட்டு நோய் விவரம் சரியா என்று பார்க்கச் சொல்லி. ஆனால் வரிகளை யாரும் கலைக்கவில்லை. பேராசிரியர் முறை வரிசைப்படிதான் அடுக்கி வைத்திருந்தார். அழித்தது எண்ணை. வரிசை அப்படியே நின்றது. முதல் வரி முதல் முறை வீடு. பதினேழாம் வரி பதினேழாம் முறை வீடு. எக்செல் தானாகவே ஓரத்தில் எண் போட்டும் கொடுத்திருக்கும்.

குரூப்பில் முதலில் வந்த பதில்: 'டேய் இது நம்ம சீட்டு வரிசைதானே.'

இரண்டாவது: 'அப்ப இது தேசம்மா வூடு.'

சதீஷ் அழிப்பதற்குள் ஊரே படித்துவிட்டது. நானும் அந்த ஃபைலை எத்தனை முறை திறந்து மூடினேன். எனக்கும் உறைக்கவில்லை.

நவ. 18, செவ்வாய்

கோயில் வாசலில் பஞ்சாயத்து கூடியதாம். சித்தி போனில் சொன்னது: தேசம்மா வீட்டு முறை நிறுத்தம். ஊர்ப் பெரியவர்களுக்கும் சந்தோஷம் இல்லை. "ஒர்த்தருக்கு வுட்டா நாளிக்கி அல்லாரும் வெளியாள இஸ்துகினு வருவான்" என்று தலைவர் சொன்னாராம். தேசம்மா அக்காவின் கணவர் ஏழுமலை எழுந்து பேசப் போய் இருமல் வந்து உட்கார்ந்துவிட்டாராம். நோய் பொய்யில்லை என்று அதற்குமேல் யாருக்கும் சாட்சி தேவைப்படவில்லை. முறை மட்டும் போயிற்று.

பேராசிரியரைப் பார்த்தேன்.

"ரொம்ப வருத்தமா இருக்கும்மா." உண்மையாகவே வருந்தினார். காபி சொன்னார். "ஆனா ஒப்புதல் படிவத்துல கையெழுத்து இருக்கே."

"பேர் வெளிய வராதுன்னு சொல்லித்தானே சார் வாங்கினீங்க?"

"பேர் வரலையே."

காபியை வைத்துவிட்டு வந்தேன்.

த.நூ.வுக்கு எழுத்தில் கொடுத்தேன்: ஃபைலை இறக்க வேண்டும், பல்கலைக்கழகத்திலிருந்து யாராவது போய் அந்த ஊரில் தவறு எங்களுடையது என்று சொல்ல வேண்டும். வாங்கி வைத்துக்கொண்டார். "கமிட்டி கூடட்டும்." கமிட்டி என்பது பேராசிரியரும் அவரும்.

நவ. 20, வியாழன்

பதில் இல்லை. டவுன்லோடு எண்ணிக்கை ஏறியிருக்கிறது. நோட்டீஸ் போர்டில் த.நூ. அதை ஒட்டியிருக்கிறார், சிவப்பு மையில் வட்டம் போட்டு.

ஒரு மாணவி மேசைக்கு வந்தாள். குடிசைவாசிகளைப் பற்றி ஆய்வாம். நல்ல பெண். அடையாளத்தை எப்படி மறைப்பது என்று கேட்டாள். சொல்லிக் கொடுத்தேன். பெயரை எடு, எண்ணை எடு, வரிசையைக் கலை. கடைசியாக, கேட்காமலே இரு என்று வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். அவள் கேட்காவிட்டால் அந்த மக்கள் இருமுவது எந்த ஆபீசிலும் இருமல் இல்லை. கேட்டால் இப்படி.

அம்மாவுக்கு மாத்திரை வாங்கினேன்.

நவ. 23, ஞாயிறு

போகாமல் இருந்துவிடலாம் என்று நினைத்தேன். போனேன். தூறல். ஆற்றுத் தண்ணீர் எண்ணெய்ப் பளபளப்போடு கிடந்தது.

நான் வந்ததை யாரோ சொல்லியிருக்க வேண்டும். தேசம்மா அக்கா நேராகச் சித்தி வீட்டு வாசலுக்கு வந்து நின்றார். கேலி இல்லை. 'லைபிரரி' என்று கூப்பிடவில்லை.

"அந்தக் கம்ப்யூட்டர்ல கீறது உன் பேருதானே?"

"ஆமாக்கா."

"அப்ப நீ சொன்னா நம்புவாங்க. இன்னிக்கி சாய்ந்தரம் கோயிலாண்ட மறுபடி கூடறாங்க. நீ வந்து சொல்லு. அந்தப் பொண்ணு தப்பா எழுதிகினு பூட்ச்சு, அது பொய்யின்னு சொல்லு. அவரு நல்லாத்தான் கீறாரு, அவருதான் வலை கட்றாருன்னு சொல்லு. அன்னிக்கி இருமனது மழைச் சளின்னு நான் சொல்லிக்கறேன். ஒரே ஒரு வார்த்த."

சதீஷ் உள்ளேயிருந்து வந்தான். கையில் மனு, கையெழுத்து வாங்கிய தாள்கள்.

"அக்கா, வேணாம்க்கா," என்றான் என்னிடம். "நாளிக்கி கலெக்டராண்ட குடுக்கப் போறோம். ஆதாரமே இந்த ஃபைலுதான். எழுதனவங்களே ஒரு வரி பொய்யின்னுட்டா, மீதி மட்டும் எப்டி நெசம்னு பவர் பிளான்ட் வக்கீலு கேப்பான். மொத்தமும் பூடும்."

"நீ சும்மா இர்ரா," என்றார் தேசம்மா அக்கா. "உன் மனுவுக்கு என் வூட்டுக்காரு இருமணும். என் அடுப்புக்கு அவரு இருமக் கூடாது. நான் எங்க போவேன்?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். சித்தி இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

தரவைத் திருத்துவது நேர்மை இல்லை என்று பேராசிரியர் சொன்னபோது அவரை அறையத் தோன்றியது. இப்போது என் வாயில் அதே வாக்கியம் வந்து நிற்கிறது. வேறு வாக்கியம் இல்லை. ஃபைலை இறக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன் அக்கா என்று ஆரம்பித்தேன். காதில் வாங்கவே இல்லை.

"எறக்கு, ஏத்து, அதெல்லாம் உங்க ஆபீசு பேச்சு. நான் கேக்கறது அது இல்ல."

என் மணிக்கட்டைப் பிடித்தார். இறால் உரித்து உரித்துச் சொரசொரத்த கை.

"நெசத்தச் சொன்னதுக்கு என் முறையப் புடுங்கிட்டாங்க. ஒரு பொய்யச் சொல்லி அத வாங்கிக் குடு. சொல்லுவியா மாட்டியா? வாயத் தொற. இன்னா கீழ பாத்துகினு கீற? என் மூஞ்சப் பாத்து சொல்லு."