சிட்னி–பெங்களூரு பன்னிரண்டு மணி நேரம்

வைகாசி 16, வெள்ளி

காலையிலேயே வெயில். கரண்ட் இல்லை.

மகன் தினேஷ் குடும்பத்தோடு சிட்னியிலிருந்து ஞாயிறு வருகிறான். திங்கள் பேரனுக்கு முதல் மொட்டை, நம் முனியப்பன் கோயிலில். கிடா பார்த்தாயிற்று. முடி எடுக்கிறவரிடம் சொல்லியாயிற்று. அழைக்க வேண்டிய பங்காளி வீடுகள் பதினொன்று, பாக்கி நான்கு.

போனில் பார்த்தது: சிட்னி–பெங்களூரு 9,300 கி.மீ. சொச்சம். நேர் பிளேன், பன்னிரண்டு மணி நேரம். லாரி என்றால் ஐம்பதில் போனாலும், டீக்குக்கூட நிறுத்தாமல், எட்டு நாள். நடுவில் கடல் வேறு. இருபத்தெட்டு வருஷம் ஸ்டியரிங் பிடித்தவனுக்கு வேறு கணக்கு வராது.

சரோஜா: "பிளேன் ஓட்டப்போறது நீங்களா? போயி தக்காளி வாங்கியாங்க."

சனி

ஏர்போர்ட்டுக்கு வருகிறேன் என்றேன். "வேணாம்ப்பா, வெயில்ல அலையாதீங்க. டாக்ஸியில வந்துடறோம்" என்றான் தினேஷ். அப்பா மேல் என்ன அக்கறை! டீக்கடையில் நாலு பேரிடம் சொன்னேன். கேட்காதவர்களிடமும்.

ஞாயிறு

நான்கரைக்கே எழுந்துவிட்டேன். நம் ஐந்து மணிக்கு அங்கே கிளம்பும். போனில் பிளேன் மஞ்சள் பூச்சி மாதிரி நகர்கிறது. மாலை ஐந்துக்கு பெங்களூரு. பிறகு ரோட்டில் நாலு மணி நேரம்.

மதியம் இரண்டு. பூச்சி இன்னும் கடல் மேல். வாசலில் கார். தினேஷ், மருமகள், பேரன்.

என் கணக்குதான் தப்பு என்று நினைத்தேன். பத்தாவது ஃபெயில், அந்த ஊர் நேரம் வேறு. ஆனால் கார் சேலம் பக்கமிருந்து வந்தது. பெங்களூரு வண்டி அந்தப் பக்கமிருந்து ஏன் வர வேண்டும்?

பேரன் தொப்பியைக் கழற்றி எறிந்தான். மொட்டை. நாலைந்து நாள் முடி அரும்பியிருந்தது. பிளேனில் மொட்டை போடுகிறார்களா என்று கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை.

"வந்து ஒரு வாரமாச்சுப்பா. ஈரோட்ல இவ அம்மா வேண்டிக்கிட்டாங்க, அவங்க கோயில்ல செவ்வாக்கெழமை எடுத்துட்டாங்க. உங்ககிட்ட சொன்னா சத்தம் போடுவீங்கன்னு..."

போட்டிருப்பேன்தான்.

நேற்று அக்கறையாகப் பேசியபோது எங்களுக்கு நடுவே 120 கி.மீ. இரண்டரை மணி நேரம். தொப்பூர் கணவாயில் வண்டி நின்றால் மூன்று.

சரோஜா பேரனை வாங்கி, தலையைத் தடவி முத்தம் கொடுத்தாள். 'ஐயோ' என்று சொல்லவில்லை. 'இதென்ன' என்று கேட்கவில்லை.

"உனக்குத் தெரியுமா?"

"சாப்பிட வாங்க, ஆறிடும்."

ராத்திரி ஒன்பதுக்கு வர வேண்டியவர்களுக்கு மதியமே சோறு வடித்து வைத்திருந்தாள்.

திங்கள்

மேகமூட்டம். மழை இல்லை.

பங்காளிகள் எல்லாரும் வந்தாயிற்று. பெரியப்பா மகன் ராஜி அண்ணன்: "என்னடா இது, நாம அறுவாளோட வந்து நிக்கறோம், காடு அறுத்துக் கெடக்குது?" ஒரே சிரிப்பு. தினேஷ் என்னைப் பார்த்தான்.

"அங்க பேன் புடிச்சிருச்சுங்கண்ணா. டாக்டரு எடுக்கச் சொல்லிட்டாரு." கூசாமல் வந்தது எனக்கு.

"பாவம். பிளேன்ல எத்தன மணி நேரம்?"

"பன்னெண்டு."

முடி எடுக்கிறவர் தயங்கினார். பேருக்குக் கத்தி வைக்கச் சொன்னேன். கீழே நான் என் துண்டை விரித்துப் பிடித்தேன். பேரன் அழவில்லை. மிளகுத்தூள் மாதிரி ஏதோ கொஞ்சம் விழுந்தது.

சாமி முன்னால் வைக்க சரோஜா கை நீட்டினாள். துண்டை நான் கொடுக்கவில்லை.