அடைக்கு வைத்த என் கோழி

ஏப்ரல் 6
மையத்தில் முட்டை பொரிக்கும் மிஷின் ரிப்பேர். மலைக்கோழி இட்ட ஆறு முட்டையை டாக்டர் ஸ்ரீவத்ஸன் கொடுத்த கோழியின் கீழ் வைத்தேன். அது உட்காரவே இல்லை. பண்ணைக் கோழிக்கு அடை தெரியுமா? கூட வேலை பார்க்கும் கார்த்தி தீனி வாங்கப் போயிருந்த நேரம் என் ஜுக்கிக் குடிசைக்குப் போய், அடைக்கு உட்கார்ந்திருந்த எங்கள் கோழியைக் கூடையில் கொண்டுவந்து மாற்றிவிட்டேன். இரண்டும் ஒரே சிவப்பு. நாற்பது நாள் தனியே வைத்து, எச்சம் சோதித்த கோழிதான் வேண்டும் என்பது டாக்டர் சட்டம். என் கட்டிலுக்கடியில் வளர்ந்ததற்கு என்ன நோய்?

மே 2
ஆறும் பொரிந்தன. மலையில் இந்த இனம் குறைந்துகொண்டே வருகிறதாம். "நம்ம கூண்டுல ஆறுக்கு ஆறு இதான் முதல் தடவை, அம்சவேணிம்மா" என்றார் டாக்டர். பள்ளியில் ஐந்தாவதோடு நின்றவள் நான். பேத்தி இளவரசியிடம் மூன்று முறை சொன்னேன். "அச்சா ஆயா, போதும்" என்றாள்.

மே 21
ஒரு குஞ்சு சிறகைத் தொங்கப்போட்டு நிற்கிறது. எச்சம் மஞ்சள்.

மே 24
நான்கு போய்விட்டன. டாக்டர் ஈரலை அறுத்துக் காட்டினார். வட்ட வட்டமாகப் புண். கோழி எச்சத்திலிருந்து வருவதாம், அந்த மண்ணைத் தின்ற புழு வழியாகவும் ஒட்டுமாம்; கோழி தாங்கும், இதுகள் தாங்காது. "நம்ம கோழி சுத்தம். கார்த்தி, நீ வெளியில தோண்டின மண்புழுவா?" நான் தண்ணீர்க் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

மே 25
மீதி இரண்டும். கார்த்தியை நிறுத்திவிட்டார்கள். கேட் வரை கூடப் போனேன். "ஆயா, நான் கழுவித்தான் போட்டேன்."
"தெரியும்டா."
எப்படித் தெரியும் என்று அவன் கேட்கவில்லை.

மே 27
தாய்ப் பறவை மறுபடி நான்கு முட்டை. அதே கோழியை வைக்கச் சொல்கிறார் டாக்டர். வாய் வரை வந்தது — சொல்லல. என்ன பொம்பள நீ?

மே 28
முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லிவிட்டேன். டாக்டர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "ஆறு உசுரும்மா" என்றார், அவ்வளவுதான். கோழியைச் சோதனைக்கு அறுத்தார்கள். ரிப்பேர் பார்த்து முடிந்த மிஷினில் முட்டைகளை வைத்தார்கள். என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள்.

ஜூன் 3
இளவரசி நம்ம கோழி எங்கே என்றாள். வேலைக்குப் போயிருக்கிறது என்றேன்.

ஜூன் 25
கார்த்தி போன் செய்தான். அவனைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். "மூணு பொரிஞ்சுது." ஆயா என்று கூப்பிடவில்லை. பழைய கூண்டு மண்ணில் குஞ்சுங்க கால் படக்கூடாது, பார்த்துக்கோ என்றேன்.
"அதெல்லாம் டாக்டர் பாத்துக்குவாரு" என்று வைத்துவிட்டான்.