மேடையைப் பார்த்து வைத்த பாக்ஸ்

போடிநாயக்கனூர்,
ஞாயிறு காலை.

அன்புள்ள மகாராணி மதினிக்கு,

உங்கள் நாத்தனார் ஈஸ்வரி எழுதுவது. நானும் அண்ணனும் நலம். திருப்பூரில் வெயில் எப்படி? உங்கள் அக்கா வீட்டில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா? போனில் பாட்டு என்று வாயெடுத்தாலே குக்கர் விசிலடிக்கிறது என்று வைத்துவிடுகிறீர்கள். ஒரு வருஷமாக அந்தக் குக்கர் அடித்துக்கொண்டேதான் இருக்கிறது. கடிதம் என்றால் கடைசிவரை படித்துத்தானே ஆக வேண்டும், அதனால்தான் இது.

முதலில் நல்ல சேதி. நம் கச்சேரிக் குழுவுக்குப் புது சவுண்டு செட் தயார். பழைய பாக்சுகள் உங்களுக்கே தெரியும், பீரோ மாதிரி. ஒன்றைத் தூக்க நாலு பேர் வேண்டும், ஏற்றிப்போக லாரி வேண்டும். எஸ்டேட் பாதையில் லாரி ஏறாது என்பதால் போடிமெட்டுக்கு மேலே ஒரு திருவிழாவும் நமக்கு வந்ததில்லை. இந்த முறை அண்ணன் ஜீப்பின் பின்பக்கத்தை அளந்துகொண்டு போய் ஆசாரி பால்ராஜிடம் கொடுத்தார். அதற்குள் நுழைகிற அளவில் பிளைவுட் பாக்சுகள், உள்ளே புது ஸ்பீக்கர்கள். ஒவ்வொன்றையும் நானே தனியாகத் தூக்கிவிடுவேன். சின்னது என்று நினைக்காதீர்கள், பாடுகிறவர் மூச்சு இழுப்பதுகூடக் கடைசி வரிசைவரை கேட்கிறது.

வயர் எல்லாம் என் கைவேலை. கடையில் வாங்கிய வயர் இரண்டு திருவிழாவிலேயே விட்டுப்போகிறது என்று நானே ஈயம் வைத்து ஒவ்வொன்றாகச் செய்தேன். விரலைச் சுட்டுக்கொண்டது தனிக் கதை. எது எந்த மைக்கின் வயர் என்று குழம்பாமல் இருக்க இரண்டு முனையிலும் ஒரே நிறத்தில் நெயில் பாலிஷ் பூசினேன். முதலில் கேலி செய்த அண்ணன் இப்போது ஈஸ்வரி, அந்த ரோஸ எடு என்று அவரே கேட்கிறார். பெருமையாகத்தான் சொல்கிறேன், சொன்னால் என்ன?

இனி நீங்கள் கேட்க விரும்பாத விஷயம். மடித்து வைத்துவிடாதீர்கள்.

தீபாவளி கழிந்து, மதுரையில் ஒரு கல்யாணத்துக்கு வேறு குழுவோடு அண்ணன் கீபோர்டு வாசிக்கப் போனார். அங்கே கூட்டத்தைப் பார்த்து நிற்கும் பாக்சுகள் போக, மேடையில் இருப்பவர்களின் காலடியில் அவர்களைப் பார்த்தே ஒரு பாக்ஸ் வைத்திருந்தார்களாம். தான் வாசிப்பது தனக்கே அவ்வளவு சுத்தமாகக் கேட்டதாம். திரும்பி வந்தவர் சாப்பிடவில்லை. நாம பாடுறது நமக்கே கேக்காமத்தான் இத்தன வருசம் பாடியிருக்கோமே ஆத்தா என்று மட்டும் என்னிடம் சொன்னார். நம் ஊர்களில் எத்தனை பாக்ஸ் என்றுதானே முதலில் கேட்பார்கள். இருப்பதையெல்லாம் கூட்டத்தைப் பார்த்து அடுக்கித்தான் நமக்குப் பழக்கம்.

அதனால் பால்ராஜ் சாய்வாக இரண்டு பாக்ஸ் கூடுதலாகச் செய்தார். சிலமலையில் ஒரு மாந்தோப்பில் வைத்துச் சோதித்தோம். இப்போது நம் குழுவில் பவதாரணி என்ற பெண் பாடுகிறாள், மதுரையில் முறையாகப் பாட்டுப் படித்தவள். போன வருஷத் திருவிழாவில் எந்தப் பாட்டில் கூட்டம் ஊளையிட்டு உங்களை இறக்கியதோ, அதே பாட்டை அவளைப் பாடச் சொன்னேன். சரணத்தில் மேலே போகும்போது அவளிடம் சொல்லாமல் காலடிப் பாக்சை அணைத்தேன். மதினி, உங்கள் குரல் எங்கே சுருதி விலகியதோ, அதே இடத்தில் அவள் குரலும் விலகியது. அதே கத்தல். பாக்சைப் போட்டேன், சுருதியில் வந்து சேர்ந்துகொண்டாள். மறுபடி அணைத்தேன், மறுபடி விலகினாள். டிரம்ஸ் சத்தத்தில் தன் குரல் காதில் விழாவிட்டால் யாராக இருந்தாலும் கத்தத்தான் செய்வார்கள். குரல் போய்விட்டது என்று நீங்களே முடிவுகட்டி, பாட்டை விட்டு, பனியன் கம்பெனிக்குப் போனீர்களே. உங்கள் குரலுக்கு ஒன்றுமே ஆகவில்லை மதினி! நான் சவுண்டு மிக்சருக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன். அண்ணன் சுருட்டி வைத்த வயரையே மறுபடி சுருட்டிக்கொண்டிருந்தார்.

போன வாரம் ராசிங்காபுரம் திருவிழா. கமிட்டித் தலைவர் ராக்கையா மேடைக்கே வந்துவிட்டார். சனத்துக்குக் கேக்கத்தான் உங்களக் கூப்பிட்டோம், ரெண்டு பாக்ஸ உங்களப் பாத்தே வச்சிருக்கீங்க, வெரசாத் திருப்புங்க என்று ஒரே சத்தம். நம் அண்ணன் யார் எது சொன்னாலும் சரிங்கண்ணே என்று தலையாட்டுகிறவர்தானே. அன்று அசையவில்லை. திருப்புனா கச்சேரி இல்லண்ணே, பாடுறவங்களுக்கு மொதல்ல கேக்கணும் என்றார். எனக்கே தூக்கிவாரிப்போட்டது. கடைசியில் அதே ராக்கையா முன்வரிசையில் உட்கார்ந்து ஒரு பாட்டைத் திரும்பப் பாடச் சொல்லிக் கேட்டார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அடுத்த மாதம் முதல் வெள்ளிக்கிழமை, மேலே எஸ்டேட்டில் மாரியம்மன் திருவிழா. நம் செட் முதல்முறையாக ஜீப்பில் மலையேறப்போகிறது. கச்சேரி பேச வந்தவர்கள் அங்கே ஏலக்காய் எடுக்கப் போகிற பெண்கள். மகாராணியக்கா பாடுவாங்கள்ல என்று கேட்டார்கள். அண்ணன் என்னைப் பார்த்தார். பாடுவாங்க என்று நான் சொல்லிவிட்டேன். திட்டுவதென்றால் நேரில் வந்து திட்டுங்கள்.

அண்ணன் உங்களைப் பாட வரச் சொல்லிக் கூப்பிட மாட்டார். கட்டாயப்படுத்தியதாக ஆகிவிடுமாம். தினமும் போனில் சாப்பிட்டியா என்று கேட்பதோடு சரி. ஆனால் நேற்று திருவிழா நோட்டீஸ் அச்சாகி வந்தது. பாடுகிறவர்கள் பெயரை எழுதிக்கொடுத்தது அவர்தான். உங்கள் பெயர்தான் முதலில் இருக்கிறது. கட்டைப் பிரித்து ஒன்றைக்கூட யாருக்கும் கொடுக்காமல் மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார். வரவில்லை என்றால் அதை நீங்களே அவரிடம் சொல்லுங்கள் மதினி, என்னால் முடியாது.

அந்த மாரியாத்தா உங்களுக்குத் துணையிருப்பாள். பஸ் ஏறியதும் ஒரு போன் போடுங்கள், எனக்கு அல்ல, அவருக்கு.

உங்கள் அன்பு நாத்தனார்,
ஈஸ்வரி.